பெரியவருக்கு எடுத்து வைத்த சோறு

அழகமுத்து பிறந்து வளர்ந்தது கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அங்கே அட்டை உண்டு, பாம்பு உண்டு, கங்காணியின் வாய் உண்டு. யானை கிடையாது. யானை என்றால் பெரஹரா ஊர்வலத்தில் துணி போர்த்திக்கொண்டு நடப்பதும், பிள்ளையார் படத்தில் உட்கார்ந்திருப்பதும்தான். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லப் பயப்பட வேண்டும் என்று நாற்பது வயது வரைக்கும் அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

சொன்னது பழனியாண்டி. அழகமுத்துவின் மனைவி சுப்பம்மாவுக்கு அண்ணன் முறை. பலாங்கொடைக்குக் கீழே, காடு இறங்கி வந்து தண்ணீரைத் தொடுகிற ஓர் இடத்தில், ரத்தினபுரி ஸம்சுதீன் முதலாளி மாணிக்கக் கல்லில் வந்த காசைப் போட்டு, விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கக் கபானாக்கள் கட்டியிருந்தார். இலுக்குப் புல் கூரை, பலகைச் சுவர், திண்டு போட்ட கட்டில். முன்னால் பெரிய குளம். குளம் என்பது நம் பேச்சுக்கு. ஆற்றை மறித்துத் தேக்கிய தண்ணீர் அது. செத்த மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும், அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைக்கும். சண்டை நின்றிருந்த காலம் அது. சோதனைச் சாவடிகளில் கெடுபிடி குறைந்ததும் ஊர் சனமெல்லாம் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டது. கபானாவில் வேலைக்கு ஆள் பற்றவில்லை. ரப்பர் மரத்தில் பட்டை தீர்ந்து, வேலை நாளும் குறைந்துபோய்க் கிடந்த அழகமுத்துவைப் பழனியாண்டி கூட்டி வந்து சேர்த்துவிட்டான்.

வந்த அன்றைக்கே சாணக் குவியல் ஒன்றைக் கண்டு, "என்னாண்ணே இது, யானை வருமா இங்க?" என்று கேட்டுவிட்டான். பழனியாண்டி பாய்ந்து வந்து வாயைப் பொத்தினான்.

"அடேய், பேரச் சொல்லாத! பேரச் சொன்னா காதுல விழுந்துரும். கூப்புட்டாங்கன்னு வந்து நிப்பாரு. பெரியவருன்னு சொல்லு."

மீன் பிடிக்க வரும் சிங்கள ஆட்களும் அப்படித்தான். அவர்கள் வாயில் அது 'லொக்கு மாத்தயா', பெரிய ஐயா. யாரும் பெயரைச் சொல்லவில்லை. அழகமுத்துவும் விட்டுவிட்டான். கொஞ்ச நாளில் பெரியவர் என்ற சொல் அவன் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

பெரியவர் ஒரே ஆள். தந்தமில்லாத ஆண், அலியன் என்பார்கள். வலது காது ஓரம் கிழிந்து, முற்றத்தில் காயும் பழைய சாக்கு மாதிரித் தொங்கும். பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு மருத மரங்களுக்கு நடுவால் இறங்கி வந்து, தண்ணீர் குடித்து, முதுகில் ஊற்றிக்கொண்டு, வந்த வழியே போய்விடும். ஒரு நாள் அழகமுத்து கரையில் சட்டி தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டது. ஓட நேரமில்லை. சட்டியைப் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தான். அது அவனைப் பார்த்தது, தண்ணீர் குடித்தது, போனது. அன்றைக்கு இரவுச் சோற்றின்போது சுப்பம்மாவிடம், "நம்ம பழைய பெரிய தொரைய விட இந்தப் பெரியவரு நல்ல மனுசன் புள்ள, கண்டும் காணாத மாதிரி போறாரு" என்று சொல்லிச் சிரித்தான்.

அது யாரையும் தொட்டதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஓகஸ்ட் விடுமுறையில் வரக்காப்பொல பாலசுப்பிரமணியம் வந்தார். கடை வீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். பழைய சின்ன பஸ் ஒன்றை வாங்கி, சீட்டைக் கழற்றி, உள்ளே கட்டில் அடித்து, கேஸ் அடுப்பு வைத்து, கூரையில் தண்ணீர் டாங்கி ஏற்றி, ஜன்னலுக்குப் பூப் போட்ட திரை கட்டியிருந்தார். வீட்டு பஸ் என்பார். கபானாவில் தங்கமாட்டார், இடத்துக்கு மட்டும் காசு கொடுத்து பஸ்ஸிலேயே படுப்பார். கூட அவர் மனைவி புஷ்பம் மட்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாலசுப்பிரமணியம் கபானாக்களைச் சுற்றிப் பார்த்தார். கக்கூஸ் கதவைத் திறந்து மூடினார்.

"பரவாயில்லையே. தோட்டத்து ஆளுங்கள வச்சும் சுத்தமா வச்சிருக்கான் முதலாளி. ஒங்க தோட்டத்து லயத்து வீட்டுல இப்புடி இருக்குமா?" என்றார்.

"லயத்துல கக்கூசே தூரத்துலதாங்க. அதுனால நாறாது" என்றான் அழகமுத்து.

புஷ்பம் சிரித்துவிட்டாள். புருஷனுக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸை நேரே தண்ணீர்க் கரைக்கு விட்டு, இரண்டு மருத மரங்களுக்கு நடுவில் நிழலாகப் பார்த்து நிறுத்தினார்.

அழகமுத்து ஓடினான். "ஐயா, அங்க போடாதீங்க. அது பெரியவரு வர்ற பாத."

"எந்தப் பெரியவரு?"

"சாயந்தரமா தண்ணிக்கு வருவாருங்க."

"எந்த எலாகா?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. இந்த மனுஷன் யாரோ அதிகாரியை நினைக்கிறான் என்று அழகமுத்துவுக்கு உடனே விளங்கிவிட்டது. "ஐயா, யானைங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் லயத்துக் கக்கூஸ் இன்னும் தொண்டையில் நின்றது.

"இங்க எல்லா எலாகாவும் அவருதாங்க" என்றான்.

"வரட்டும். நாங்க பார்க்காத பெரியவரா? எத்தன பேரச் சமாளிச்சிருக்கோம் கடையில. நா பேசிக்கிறேன், நீ போ."

"பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டு அழகமுத்து திரும்பினான். அடுப்படியில் பழனியாண்டியிடம் சொன்னபோது அவன் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எந்த எலாகான்னா கேட்டாரு? தும்பிக்கை எலாகான்னு சொல்றதுதானே!"

"பொழுது சாய முன்ன போயி பஸ்ஸ எடுக்கச் சொல்லிருவோம்ணே" என்றான் அழகமுத்து. அப்படித்தான் நினைத்தான். கொஞ்ச நேரம் அந்த மனுஷனை ஆடவிட்டு, பிறகு போய்ச் சொல்வது. மூஞ்சி போகிற போக்கைப் பார்ப்பது. அதில் பெரிய கெடுதல் ஒன்றும் இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு விறகு கொண்டுபோனான். புஷ்பம் மரத்தடியில் உட்கார்ந்து முந்திரிகை வறுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை, சர்க்கரைப் பொங்கல் வைக்கிறாளாம். அவர் பஸ்ஸுக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பெரியவரு தனியாவா இருக்காரு?" என்று கேட்டாள்.

இவனை யாரும் அண்ணே என்று கூப்பிட்டதில்லை, விருந்தாளிகளில். அழகமுத்து விறகை இறக்கினான்.

"தனியாத்தாம்மா. கூட்டத்த விட்டு வந்துட்டாரு."

"புள்ளைங்க பார்க்கலையாக்கும்."

"அவுங்க அவுங்க வயித்துப்பாட்ட அவுங்க அவுங்க பார்க்கணும்ல."

"பாவம். பல்லு இருக்கா? முந்திரிகையெல்லாம் போடுறேன்."

"பல்லுக்குக் கொறச்சல் இல்லம்மா."

"காது கேக்குமா?"

"காது பெருசு. நல்லாக் கேக்கும்."

இந்த இடத்தில் அவனுக்கு வாய் கோணிக்கொண்டு போனது. முகத்தை விறகுப் பக்கம் திருப்பிக்கொண்டான். அடுப்படி வாசலில் பழனியாண்டி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றான்.

"அப்ப ஒரு எலையில எடுத்து வைக்கிறேன். தண்ணிக்கு வர்ற மனுசன வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது" என்றாள் புஷ்பம்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தான் என்றுகூட வைத்துக்கொள்ளலாம். அதற்குள் ஒரு கபானாவிலிருந்து தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். போனான். குழாயில் இலை அடைத்திருந்தது. அதைக் கழற்றி ஊதி மாட்டினான். பிறகு இன்னொரு கபானாவுக்குக் கோழி கேட்டார்கள். கோழி அறுக்கும்போது வானம் சிவந்திருந்ததைப் பார்த்தான். பஸ் ஞாபகம் வந்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான்.

பெரியவர் ஏற்கெனவே வந்திருந்தது.

பஸ்ஸுக்குப் பக்கத்தில், மருத வேரின் மேல் புஷ்பம் விரித்து வைத்த வாழையிலையில் பொங்கல் முடிந்திருந்தது. அதோடு வைத்திருந்த கோழிக்கூட்டு வாழைப்பழச் சீப்பும் முடிந்திருந்தது. இனிப்பு கண்ட தும்பிக்கை மிச்சத்தைத் தேடிப் பூத் திரை போட்ட ஜன்னலுக்குள் போனது. உள்ளே பானை இருந்தது. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணாடி கொட்டியது. உள்ளே புஷ்பம் கத்திய சத்தத்தில் யானையே மிரண்டு, தலையால் ஒரு இடி இடித்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் காட்டுக்குள் போய்விட்டது. பாலசுப்பிரமணியம் குளிக்கப் போன இடத்திலிருந்து ஈரத் துண்டோடு ஓடி வந்து, வாய் திறந்தபடி நின்றார்.

கதவு நெளிந்து மாட்டிக்கொண்டிருந்தது. அழகமுத்துவும் பழனியாண்டியும் கம்பி வைத்து நெம்பித் திறந்தார்கள். கட்டில் பெயர்ந்து வந்து புஷ்பத்தின் இடது கையின் மேல் கிடந்தது. கை முழங்கைக்குக் கீழே போகக் கூடாத பக்கம் போயிருந்தது. பலகையில் வைத்துக் கட்டி, தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் அழகமுத்துவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அந்தப் பெரியவரு… சாப்புட வந்திருந்தாருண்ணே… அடி கிடி பட்டிருக்கப் போவுது. பாருங்கண்ணே."

 அழகமுத்து நிலத்தில் கிழிந்து கிடந்த வாழையிலையைப் பார்த்தான்.

"அவரு போயிட்டாரும்மா. ஒண்ணும் ஆகல" என்றான்.

பொய் என்று அதைச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அவன் சொன்ன எதையுமே பொய் என்று சொல்ல முடியாது. அதுதான் அவனைப் பிடித்த பீடை.

மறுநாள் விடியற்காலையில் முற்றம் கூட்டினான். அந்த இலைத் துண்டுகளையும் சேர்த்துக் கூட்டி அடுப்பில் போட்டான். தினமும் கூட்டுகிற ஆள், அதனால் கூட்டினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வனஜீவி இலாகா ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். ஸம்சுதீன் முதலாளியும் வந்தார். கைக்கு மாவுக்கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து புஷ்பமும் திரும்பி வந்து, கபானா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வந்த பெரிய ஆபீசர் நல்ல மனுஷன். எதையும் அவசரப்பட்டுச் சொல்லவில்லை. சிங்களத்தில்தான் பேசினார், அங்கே இருந்த எல்லோருக்கும் அது தண்ணீர் பட்ட பாடு.

"சாப்பாடு ஏதாவது வெளியே வைத்தீர்களா?" என்று கேட்டார். "வைத்திருந்தால் மிருகத்தின் மேல் தப்பில்லை. வாசத்துக்கு வந்தது என்று விட்டுவிடலாம். ஒன்றும் இல்லாமலே வந்து இடித்திருந்தால் அது கெட்டுப்போன அலியன். இங்கே விட்டுவைக்க முடியாது, அக்கரைக்கு விரட்ட வேண்டும்."

காட்டு மிருகத்துக்குச் சாப்பாடு வைப்பது குற்றம் என்று வாசலிலேயே போர்டு இருந்தது. பாலசுப்பிரமணியம் அதைப் பார்த்தார். "இல்ல சார். ஒண்ணுமே வைக்கல" என்றார்.

ஆபீசர் அழகமுத்துவின் பக்கம் திரும்பினார். "நீ இவர்களுக்குச் சொல்லவில்லையா?"

"சொன்னேன் மாத்தயா. வர்ற பாதன்னு சொன்னேன்."

பாலசுப்பிரமணியம் வாயைத் திறந்தார். அதற்குள் புஷ்பம் பேசினாள்.

"அவரு சொன்னாரு சார். நல்லாத்தான் சொன்னாரு. எங்களுக்குத்தான் வெளங்கல."

அவள் அழகமுத்துவைப் பார்க்கவில்லை. மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவனுக்குக் காது சுட்டது. 'இலை வைத்திருந்தது மாத்தயா, நான்தான் கூட்டினேன்' என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால் பின்னாலேயே, ஏன் வைத்தாள், யாருக்கென்று வைத்தாள், நீ என்ன சொன்னாய் என்று ஒவ்வொன்றாக வரும். முதலாளி பக்கத்திலேயே நின்றார். வேலை போனால் திரும்பிப் போக லயத்துக் காம்பராவும் இல்லை. அதில் இப்போது வேறு குடும்பம். அழகமுத்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஜீப் போனதும் பழனியாண்டி, "நல்லவேள, தப்பிச்ச" என்றான்.

"ஒங்களாலதாண்ணே. பேரச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"நா பேரச் சொல்லாதன்னேன். பல்லு இருக்கான்னு கேட்டதுக்கு எகத்தாளம் பண்ணச் சொன்னேனா?"

 பழனியாண்டி சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டான். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றவன் அவனும்தானே.

சுப்பம்மாவிடம் மறைக்க முடியவில்லை. சோற்றில் கை வைக்காமல் இருந்தால் அவள் விடமாட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த அம்மாவ நோகடிக்கணும்னு நீங்க நெனைக்கல. சரி. அந்த வாயில்லா சீவன் என்னா பண்ணிச்சு? வச்ச சோத்தத் தின்னுச்சு. போயி ஆபீசருகிட்ட சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"வேல போயிரும் புள்ள."

"போனாப் போவுது. நீங்க இப்புடி மூஞ்சிய வச்சுக்கிட்டு இருந்தா எனக்குச் சோறு எறங்குமா?"

அதற்கும் இரண்டு நாள் தள்ளினான். விருந்தாளி இருக்கிறார்கள் என்றான், கால் வலி என்றான். கடைசியில் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். பாதி வழியில் பஸ்ஸை ஓரம் கட்டச் சொன்னார்கள். எதிரே வனஜீவி லொறிகள், பின்னால் டிராக்டரில் ஊர் ஆட்கள், கையில் பட்டாசுக் கட்டு. காட்டுக்குள் ஏற்கெனவே வேறு ஆட்கள் இறங்கிவிட்டார்கள் போல. வெடிச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. நடுவே ஒரு பிளிறல். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் சாய்ந்து, "அன்ன, அன்ன, அலியா!", அதோ யானை, என்று காட்டிக்கொண்டார்கள். எல்லோரும் எவ்வளவு சுலபமாக அந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்று அழகமுத்து நினைத்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து திரும்பினான்.

அக்கரையில் காடு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வயலும், காடு வெட்டிப் பயிர் போட்ட சேனையும். பயிர் போட்டவன் சும்மா இருக்கமாட்டான். சில மாதம் கழித்து மீன் பிடிக்கிற ஒருவன், லொக்கு மாத்தயாவை அந்தப் பக்கம் கண்டதாகச் சொன்னான். முன்னங்காலை ஊன்றாமல் நடந்ததாம். பிறகு யாரும் காணவில்லை.

விருந்தாளிகள் வந்தார்கள், போனார்கள். அழகமுத்து வேலையைக் குறைவில்லாமல் செய்தான். சிரிப்புப் பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. பொழுது சாய்கிற நேரத்தில் அந்த இரண்டு மரத்துப் பக்கம் போகமாட்டான். சட்டியைக்கூட அடுப்படிக் குழாயில்தான் தேய்த்தான்.

அடுத்த வருஷம் அதே விடுமுறையில் ஒரு கார் வந்து நின்றது. பாலசுப்பிரமணியம் இறங்கவில்லை, பஸ்ஸை விற்றுவிட்டாராம், கதிர்காமம் போகிற வழியாம், இந்த இடத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லையாம். புஷ்பம் மட்டும் இறங்கினாள். இடது கை முழுதாக நீளவில்லை. வலது கையில் ஒரு சீப்பு கோழிக்கூட்டுப் பழம்.

"அண்ணே, சொகமா இருக்கீங்களா? வாங்க, தண்ணி வரைக்கும் போயிட்டு வருவோம்."

மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கூட நடந்தான். இரண்டு மரத்துக்கும் நடுவில் புல் முளைத்துப் பாதை மூடியிருந்தது. அழகமுத்து நின்றான்.

"அம்மா, அன்னைக்கி நா ஒங்ககிட்ட…"

"தெரியும்" என்றாள் புஷ்பம். "காது பெருசுன்னு சொல்லிட்டு விறகுப் பக்கம் திரும்பிக்கிட்டீங்களே. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு யோசிச்சேன். எனக்கே சிரிப்பு வந்துருச்சு. கை வலியில சிரிச்சா இன்னும் வலிக்குது."

"அப்ப ஆபீசருகிட்ட ஏம்மா…"

"சொன்னா ஒங்க வேலைய எடுத்துருப்பாங்க. எங்க வீட்டுக்காரரு அன்னைக்கிப் பேசின பேச்சு எனக்கும் காதுல விழுந்துச்சுல்ல. ஆனா எல வச்சத நானும் சொல்லல. அவரு இல்லன்னாரு, நானும் பேசாம இருந்துட்டேன். நா ஒங்களப் பார்த்தேன், நீங்க ஒங்களப் பார்த்தீங்க. பெரியவரப் பார்க்க ஆளில்ல."

அவன் ஏச்சை எதிர்பார்த்து வந்தவன். ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான். இப்படிப் பாதியைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்கிறவளிடம் என்ன சொல்வது? எடுத்ததால் அவன் பாதியும் குறையவில்லை.

"வருவாராண்ணே?"

"வரலம்மா. அதுக்கப்புறம் வரல."

"பேரச் சொன்னா கூப்புட்டாங்கன்னு வந்து நிப்பாருன்னு ஜீப் வந்த அன்னைக்கி அடுப்படில அந்த அண்ணன் சொல்லிக்கிட்டிருந்தாரே. சொல்லிப் பாருங்களேன்."

விளையாட்டுக்குக் கேட்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான். இல்லை. அழகமுத்து தண்ணீர்ப் பக்கம் திரும்பினான். வந்த நாளுக்குப் பிறகு சொல்லாத சொல், நாக்குப் புரளவில்லை. முதல் தடவை காற்றாகத்தான் வந்தது. இரண்டாம் தடவை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டான்.

"யானை!"

செத்த மரங்களிலிருந்து நீர்க்காகங்கள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பவும் அதே கொம்புகளில் உட்கார்ந்தன. அக்கரையில் ஒன்றும் அசையவில்லை. இருவரும் நின்றார்கள். மேலே காரில் ஹோர்ன் அடித்தது. திரும்பவும் அடித்தது.

புஷ்பம் பழச் சீப்பை மருத வேரில் வைக்கக் குனிந்தாள்.

"வேணாம்மா" என்றான் அழகமுத்து. "இங்க வைக்காதீங்க. இன்னொன்னு வந்து பழகிரும். யானை வரும்மா. யானை." வாய் திறந்துகொண்டபின் அந்தச் சொல் நிற்கவில்லை. "யானை வர்ற பாத இது."

அவள் நிமிர்ந்து, சீப்பை அவன் கையில் கொடுத்தாள். "அப்ப நீங்க சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனாள்.

அந்தப் பழத்தை அவன் தின்னவில்லை, எறியவும் இல்லை. அடுப்படிக் கம்பியில் தொங்கிக் கறுத்து, கடைசியில் சுப்பம்மாதான் உரக் கிடங்கில் போட்டாள்.

இப்போது யார் வந்து இறங்கினாலும், பெட்டியை வாங்க முன்னாலேயே அழகமுத்து சொல்லிவிடுகிறான்: அந்த மரத்துப் பக்கம் போகாதீங்க, யானை வரும். பழனியாண்டி தலையில் அடித்துக்கொள்கிறான். "பேரச் சொல்லிக் கூப்புடுறியேடா, வந்துரப் போவுதுடா!" என்கிறான்.

"வரட்டும்ணே" என்கிறான் அழகமுத்து.